நாட்டு மீனா, ஆற்று மீனா? ஒரு ட்ரவுட் புத்தகமும் காவிரியின் திமில் மீனும்

ஒகேனக்கல் போனவர்களுக்குத் தெரியும். மசாலா தடவிய மீன்களைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள், நாம் கை காட்டியதைப் பொரித்துத் தருவார்கள். போன முறை கடைக்கார அம்மாவிடம், "இதெல்லாம் என்ன மீனுங்கம்மா?" என்று கேட்டேன். "இது ஜிலேபி, இது கட்லா, அது ரோகு. எல்லாம் ஆத்து மீனு தம்பி, காலைல புடிச்சது" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆற்றில் பிடித்த மீன்தான். ஆனால் அந்த மூன்றில் ஒன்றுகூடக் காவிரியின் மீன் கிடையாது. ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952ல் இந்தியாவுக்குள் வந்தது. கட்லாவும் ரோகுவும் வடக்கே கங்கைப் பக்கத்து மீன்கள், நாம் கொண்டுவந்து விட்டவை.

இது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஆண்டர்ஸ் ஹால்வர்சன் எழுதிய 'ஆன் என்டயர்லி சிந்தெடிக் ஃபிஷ்' படித்தேன். யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம், 2010. ரெயின்போ ட்ரவுட் என்ற மீன் அமெரிக்காவை எப்படி மயக்கியது, உலகத்தை எப்படி நிறைத்தது என்பது உபதலைப்பு. ஹால்வர்சன் பத்திரிகையாளர், சூழலியலில் முனைவர் பட்டமும் வாங்கியவர். இரண்டும் தெரிந்த ஆள் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. நல்ல புத்தகம். ஆனாலும் மூடி வைத்தபோது அவரோடு ஒரு சண்டை பாக்கி இருந்தது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

முதலில் புத்தகம் சொல்வது. 1857ல் வெர்மான்ட் மாநிலத்துக்கு ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் என்பவர் ஓர் அறிக்கை எழுதுகிறார். ஆறுகளில் மீன் குறைந்துவிட்டது, காரணம் காடழிப்பும் அணைகளும் ஆலைக் கழிவும் என்று தெளிவாகவே சொல்கிறார். ஆனால் அதையெல்லாம் நிறுத்த முடியாது என்றும் அவரே முடிவு கட்டிவிடுகிறார். ஆகவே மீனைச் செயற்கையாக வளர்த்து ஆற்றில் விடலாம். கூடவே ஒரு கவலையும் அவருக்கு: வேட்டையும் மீன்பிடியும் குறைந்தால் அமெரிக்க ஆண்களின் வீரம் குறைந்துவிடுமாம்! சிரிப்பு வரும். ஆனால் 'காரணத்தைத் தொட முடியாது, குஞ்சு விடுவோம்' என்ற அந்தச் சூத்திரம்தான் இன்றுவரை உலகம் முழுக்க ஓடுகிறது. எங்கள் தொழிலில் மெமரி லீக்கைத் தேடாமல் தினமும் ராத்திரி சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் ஆட்கள் உண்டு. அதே வகைதான்.

1872ல் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்ற முன்னாள் பாதிரியார் கலிஃபோர்னியாவின் மெக்லவுட் ஆற்றங்கரையில், வின்டு பழங்குடிகளின் நிலத்தில், மீன்முட்டை எடுக்கும் நிலையம் போடுகிறார். நோக்கம் சால்மன். அந்த முட்டைகளை ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பியது பெரும்பாலும் வீணானது. அதே ஆற்றில் கிடைத்த ரெயின்போ ட்ரவுட்தான் போன இடமெல்லாம் பிழைத்துக்கொண்டது. இன்று அன்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் அது இருக்கிறது. நம் நீலகிரியிலும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். அவலாஞ்சியில் அதற்கென்று கட்டிய பொரிப்பகம் இன்னும் நிற்கிறது.

புத்தகத்தின் நெஞ்சு என்று நான் நினைப்பது 1962 செப்டம்பர். வயோமிங், யூட்டா மாநிலங்கள் வழியாக ஓடும் கிரீன் ஆற்றில் ஃபிளேமிங் கார்ஜ் அணை முடியப்போகிறது. அணையில் ட்ரவுட் விட வேண்டும், தூண்டில்காரர்கள் வர வேண்டும். ஏற்கெனவே ஆற்றில் இருக்கும் மீன்கள் தொல்லை. தூண்டிலுக்குச் சுவாரசியமில்லாத 'குப்பை மீன்'. ஆகவே மாநில மீன்வளத் துறைகள் சேர்ந்து, மத்திய அரசு ஆதரவோடு, 700 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றிலும் கிளையாறுகளிலும் ரோட்டினோன் என்ற விஷத்தைக் கலந்தார்கள். இது செடி வேரிலிருந்து எடுப்பது, மீனை மூச்சுமுட்டிக் கொல்லும். (நம்மூரில் காக்கைக்கொல்லி விதையை அரைத்துக் குட்டையில் கலக்கி மீன் பிடிப்பார்களே, அதே யோசனைதான். இது அரசாங்க அளவில்.) கீழே டைனோசர் தேசிய நினைவிடத்துக்குள் விஷம் போய்விடாமல் இருக்க, வழியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொட்டி முறிக்க ஏற்பாடு. முழுதாக முறியவில்லை. விஷம் உள்ளே போனது.

கார்ல் ஹப்ஸ், ராபர்ட் ரஷ் மில்லர் போன்ற மீனியல் அறிஞர்கள் முன்கூட்டியே கத்தினார்கள். யாரும் கேட்கவில்லை. ஆனால் கதை அங்கே திரும்புகிறது. ஐந்தே வருடத்தில், 1967ல் அமெரிக்கா வெளியிட்ட அழியும் உயிரினங்களின் முதல் பட்டியலில் கொலராடோ பைக்மின்னோவும் ஹம்ப்பேக் சப்பும் இருந்தன. இரண்டும் அந்த ஆற்றுத்தொகுதி தவிர வேறெங்கும் இல்லாத மீன்கள். பின்னால் போனிடெயிலும் ரேஸர்பேக் சக்கரும் சேர்ந்தன. பைக்மின்னோ நம் கெண்டைக்குத் தூரத்து உறவு. ஒரு காலத்தில் ஆறடி வரை வளர்ந்ததாகச் சொல்வார்கள். எந்த மீனைக் குப்பை என்று விஷம் வைத்தார்களோ அதைக் காப்பாற்ற அதே அரசாங்கம் செலவு செய்ய ஆரம்பித்தது. நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: இந்த நான்கும் அந்த விஷத்தால் மட்டும் அழிவுக்குப் போகவில்லை. அணைக்கு அடியிலிருந்து வெளியேறும் குளிர்ந்த நீர் அதைவிட நீண்டநாள் கேட்டைச் செய்தது. விஷம் ஒரு வாரம், அணை அறுபது வருஷம்.

ஹால்வர்சனின் பலம், யாரையும் வில்லனாக்காமல் இதையெல்லாம் சொல்வது. ட்ரவுட் விட்டவர்கள் ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பியவர்கள். அவர்களின் பெருமிதம் நமக்கும் தொற்றிக்கொள்ளும் அளவுக்கு எழுதிவிட்டு, அப்புறம் விளைவைக் காட்டுகிறார்.

இனி என் சண்டை. உலகத்தை நிறைத்த மீன் என்று அட்டையில் போட்டுவிட்டு, புத்தகத்தின் பெரும்பகுதி அமெரிக்காவுக்குள்ளேயே நிற்கிறது. அது சின்னக் குறை, மன்னிக்கலாம். பெரிய குறை இதுதான்: படித்து முடிக்கும்போது நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அந்தக் காலத்து ஆட்களுக்குச் சொந்த மீனின் அருமை தெரியவில்லை, குப்பை என்றார்கள், அதனால் கெடுத்தார்கள்; நமக்குத் தெரியும், நாம் செய்ய மாட்டோம். அதாவது நோய், அலட்சியம், மருந்து, அக்கறை. இந்த நோயறிதல் தப்பு என்பது என் கட்சி. அக்கறையே ஒரு மீனை ஒழித்துக்கட்டும் நிலைக்குக் கொண்டுபோகும் என்பதற்கு உதாரணம் நம் காவிரியில் இருக்கிறது.

அதற்கு முன், அமெரிக்கர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் எனக்கு நிஜமாகவே பிடித்த பகுதி அது. 1988ல் மேல் கொலராடோவுக்கு ஒரு மீட்புத் திட்டம் வந்தது. அதன் கீழ் 1996ல் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களும் மத்திய மீன் மற்றும் வனவிலங்குத் துறையும் ஓர் ஒப்பந்தம் போட்டன. 2009ல் அதைத் திருத்தினார்கள். வெளி மீனை எங்கே, எப்படி விடலாம் என்பதற்கான நடைமுறை. படிக்க வறட்சியான ஆவணம், மென்பொருள்காரனுக்கு மட்டும் விருந்து.

அதில் வெளி மீனுக்கு மொத்தத் தடை கிடையாது. கேள்வியை மாற்றிவிட்டார்கள். 'இந்த மீன் நல்லதா?' என்று கேட்பதை விட்டு, 'இது தப்பித்தால் எங்கே போய்ச் சேரும்?' என்று கேட்கிறார்கள். குளம் வெள்ளக்காலத்தில் ஆறு எட்டும் தாழ்நிலத்தில் இருக்கிறதா? நீர் வெளியேறும் வாயில் வலை உண்டா? ட்ரவுட் குளிர்நீர் மீன், அழியும் நிலையில் உள்ள மீன்கள் வாழும் வெதுவெதுப்பான பகுதிகளில் அதற்குப் பெரிய வேலையில்லை, ஆகவே அதன்மேல் அதிகக் கெடுபிடி இல்லை. ஸ்மால்மவுத் பாஸ், நார்தர்ன் பைக் மாதிரி ஆற்றுக்குள் போய்க் குஞ்சுகளை விழுங்கும் மீன் என்றால் கதவு மூடியே இருக்கும். சில இடங்களில் தூண்டில்காரர்களின் ஆசைக்கு மலட்டு மீன்களை விடுகிறார்கள். பிடிக்கலாம், ஆனால் அது பெருகாது.

இப்படி இருந்தும் ஓட்டை விழுகிறது. யாம்பா ஆற்றுப் பக்கம் எல்க்ஹெட் நீர்த்தேக்கத்திலிருந்து பாஸும் பைக்கும் தப்பித்து ஆற்றில் இறங்கிக்கொண்டே இருந்தன. 2016ல் வழிந்தோடும் வாயில் பெரிய வலை கட்டினார்கள். கூடவே அந்த மீன்களைப் பிடித்து ஒழிக்கப் பரிசுப் போட்டியும் வைத்தார்கள். முன்பு மீன் விட்டதற்குப் பாராட்டு, இப்போது அதே மீனைப் பிடித்தால் பரிசு.

இந்த நடைமுறையை அப்படியே எடுத்து 1970களின் காவிரிக்கு ஓட்டிப் பார்ப்போம். ஒரு டெஸ்ட் கேஸ் மாதிரி.

காவிரியில் திமில் உள்ள மஹசீர் என்று ஒன்று உண்டு. தலைக்குப் பின்னால் முதுகு மேடு தட்டி, துடுப்புகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நம் பக்கம் மஹசீரைப் பொம்மீன் என்றும் சொல்வார்கள். 1873ல், மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எச். எஸ். தாமஸ் தன் தூண்டில் நூலில் எழுதியதிலிருந்து உலகத் தூண்டில்காரர்களுக்கெல்லாம் இது கனவு மீன். 1946ல் கபினியில் பிடித்த ஒன்று 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ. காவிரி, கபினி, பவானி, மோயாறு, அமராவதிக்குப் போகும் பாம்பாறு என்று இந்த ஆற்றுத்தொகுதியைத் தவிர வேறெங்கும் கிடையாது.

இந்தியா முழுக்க மஹசீர் குறைந்து வந்தது. அப்போது லோனாவாலாவில் டாடா நிறுவனத்தின் பொரிப்பகத்தில் மஹசீரைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். சின்ன சாதனை இல்லை, பல வருட உழைப்பு. அங்கே பெருக்கியது நீலத்துடுப்பு மஹசீர், டோர் குத்ரீ. 1839ல் சைக்ஸ் புனே பக்கத்து ஆற்றில் பார்த்துப் பெயர் வைத்த மீன், கிருஷ்ணா ஆற்றுத்தொகுதியைச் சேர்ந்தது. அழியும் நிலையில் உள்ள இனம் என்று அதுவே பட்டியலில் இருந்தது. அதன் குஞ்சுகள் 1970களிலிருந்து நாட்டின் பல ஆறுகளுக்குப் போயின. காவிரிக்கும் வந்தன. விட்டவர்கள் காவிரியை நேசித்த தூண்டில்காரர்களும் பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்களும். பிடித்த மீனை எடை போட்டுவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடுகிறவர்கள். குப்பை மீன் என்று யாரும் எதையும் சொல்லவில்லை. விஷம் வைக்கவில்லை.

அமெரிக்க நடைமுறை இங்கே இருந்திருந்தால் தடுத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அந்த நடைமுறையின் முதல் படி, மீன் இந்தத் தொகுதிக்குச் சொந்தமா என்ற கேள்வி. அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலில் இருக்க மீனுக்குப் பெயர் வேண்டும். திமில் மீனுக்கு அப்போது சரியான அறிவியல் பெயரே கிடையாது. 'மஹசீர் குறைகிறது, மஹசீர் விடுகிறோம்' என்றால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டிருப்பார். நானும் போட்டிருப்பேன். டேட்டாபேஸில் அந்த மீனுக்கு வரியே இல்லாதபோது எந்தச் சரிபார்ப்பும் சிவப்பு விளக்கு காட்டாது.

விளைவு எப்படித் தெரியவந்தது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். காவிரிக் கரையில் காலிபோர் மாதிரித் தூண்டில் முகாம்கள் இருந்தன. அங்கே 1998 முதல் 2012 வரை யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன எடை, எந்த வகை என்று பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் மூவரும் அந்தப் பதிவுகளை எடுத்து 2015ல் ஆய்வு வெளியிட்டார்கள். 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மீன்கள்.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கொண்டாட்டம். மணிக்கு இத்தனை மீன் என்ற கணக்கு வருடத்துக்கு வருடம் ஏறியிருக்கிறது. பாதுகாப்பு வெற்றி என்று அறிக்கை எழுதலாம். வகை பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் உடைந்தது. ஏறியது எல்லாம் நீலத்துடுப்பு. திமில் மீன் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. அது மட்டுமில்லை, பிடிபட்ட திமில் மீன்களின் சராசரி எடை கூடியிருக்கிறது. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். கிழங்கட்டைகள் மட்டும் மிச்சம், குஞ்சு வரவில்லை என்று அதற்கு அர்த்தம். பள்ளிக்கூடம் மூடிய கிராமத்தில் சராசரி வயது கூடுவது மாதிரி.

இந்த ஆய்வையும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. தூண்டில் கணக்கு என்பது ஆற்றின் கணக்கு இல்லை. அங்கே இரை பெரும்பாலும் கேழ்வரகு மாவு உருண்டை. சுறுசுறுப்பான சின்ன நீலத்துடுப்புகள் கூட்டமாக வந்து முதலில் கவ்விக்கொண்டால், பெரிய திமில் மீன் ஆற்றில் இருந்தும் தூண்டிலில் வராமல் போகலாம் இல்லையா? இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் சுற்றினேன். ஆனால் அப்படியானால் போட்டியில் தோற்றாலும் ஒன்றிரண்டு சின்னத் திமில் மீன்களாவது தொடர்ந்து மாட்டியிருக்க வேண்டும். குறைந்தது சின்ன மீன்கள்தான். ஆகவே சரிவு நிஜம் என்றே ஒத்துக்கொள்கிறேன். காரணம் மட்டும் அவ்வளவு சுத்தமாக நிரூபணமாகவில்லை. அணைகள், மணல் அள்ளுவது, வெடி வைத்து மீன் பிடிப்பது எல்லாம் அதே ஆற்றில்தான் நடந்தன. ஆனால் அவையெல்லாம் இரண்டு மஹசீருக்கும் பொது. ஒன்று பெருகி இன்னொன்று சரிய, பொதுக் காரணம் மட்டும் போதாது.

வகை என்ற அந்த ஒரு கட்டத்தைப் பதிவேட்டில் நிரப்பியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அறிவியலில் பெயர் இல்லாத காலத்தில், துடுப்பின் நிறத்தையும் முதுகையும் பார்த்து இது வேறு, அது வேறு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டம் இல்லாமல் வெறும் 'மஹசீர்' என்று மட்டும் எழுதியிருந்தால், 6,161 என்ற எண் ஒரு வெற்றிக் கதையாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

2018ல்தான் முடிச்சு அவிழ்ந்தது. மோயாற்றில் கிடைத்த திமில் மீன்களை ஆராய்ந்து, பாம்பாற்றின் சிறு மீன்களை வைத்துக் கேரள ஆய்வாளர்கள் ஏற்கெனவே பெயரிட்டிருந்த டோர் ரேமாதேவியை என்ற இனம்தான் இது என்று காட்டினார்கள். மீனியலாளர் ரேமா தேவியின் பெயர் அது. தாமஸின் 1873லிருந்து எண்ணினால் 145 வருடம். பெயர் கிடைத்த கையோடு ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலில் மிக மோசமான ஆபத்தில் உள்ள இனம் என்ற இடமும் கிடைத்தது. நீலத்துடுப்போ அழியும் இனம் என்ற நிலையிலிருந்து இறங்கிக் கவலை குறைந்த இனம் ஆகிவிட்டது. கிருஷ்ணா மீனைக் காப்பாற்றிய அதே வேலை காவிரி மீனை விளிம்புக்குத் தள்ள உதவியிருக்கிறது. ஹால்வர்சனின் புத்தகத்தில் இந்த மாதிரி ஆட்களுக்கு இடம் இல்லை என்பதுதான் என் குறை. அவருடைய வெளி மீன் எப்போதும் பார்த்தவுடன் வெளி மீன் என்று தெரிந்துவிடுகிறது. கண்ணுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும் வெளியாளை என்ன செய்வது?

நம்மிடம் அந்தக் குழப்பத்துக்கு மொழியே உதவி செய்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் 'இந்தியப் பெருங்கெண்டை' என்கிறோம். இந்தியாவில் இருப்பதால் நாட்டு மீன், நாட்டு மீன் என்றால் நல்ல மீன். மேட்டூர் அணையில் இவை வந்து அமர்ந்ததும் காவிரியின் கறுமுழிக்கெண்டையும் வெண்கெண்டையும் ஒதுங்கியதும் அந்த ஒரு பெயருக்குள் மறைந்துபோகிறது. மீனுக்கு இந்தியா தெரியாது. அதற்குத் தெரிந்த எல்லை நீர்ப்பிரிமேடு மட்டும்தான்.

மீன் விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜிலேபியும் கட்லாவும் விற்கும் அந்த அம்மாவின் பிழைப்பு அதில் இருக்கிறது. குளத்திலும் ஏரியிலும் வளர்க்கட்டும். ஓடும் ஆற்றில் விடுவதற்கு மட்டும் கொலராடோ நடைமுறை மாதிரி ஒன்று வேண்டும், அதோடு அங்கே இல்லாத ஒரு கேள்வியும் வேண்டும். வெளி மீனா, சொந்த மீனா என்பதோடு நிற்காமல், சொந்த மீன் என்று சொல்லி விடும் குஞ்சுக்கும் பிறப்புச் சான்றிதழ் கேட்க வேண்டும்.

இதை ஒரு தடவை நேரிலேயே கேட்டுப் பார்த்தேன். ஆற்றங்கரையில் பந்தல் போட்டுக் குடம் குடமாகக் குஞ்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம். பொறுப்பில் இருந்தவர் பொறுமையான மனிதர், மீன் பற்றி ஆர்வமாகவே பேசினார். "சார், இந்தக் குஞ்சுங்களோட தாய்மீன் எந்த ஆத்துல புடிச்சது?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "பண்ணைலதான் சார்" என்றார். "பண்ணைக்கு எங்கிருந்து வந்துச்சு?" என்றேன். சிரித்துவிட்டு, அடுத்த குடத்தை என் கையிலேயே கொடுத்தார்.